எடைமேடையில் பூட்டிய கம்பி

ஒரு மூட்டை வத்தல் ஏற்ற இடமில்லாத வண்டியை ஒரு வத்தல் வியாபாரி வாங்குவாரா? என் வீட்டுக்காரர் வாங்கினார். கோவில்பட்டியில் எங்களுக்கு வத்தல் கமிஷன் கடை. விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கத்துக் கரிசலில் விளைகிற மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தரம் பிரித்து வெளியூர் லாரியில் ஏற்றிவிடுவோம். கடைக்கு ஒரு லோடு வேன், வீட்டுக்கு ஒரு பழைய கார், எல்லாம் இருந்தது. அதற்கு மேல், மகளைக் கட்டிக்கொடுத்து முடித்த கையோடு, கோயம்புத்தூரில் யாரோ ஒரு மில் முதலாளியின் பையன் ஓட்டி அலுத்துப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே சீட்டு. தலைக்கு மேல் தகரம் கிடையாது, துணிக்கூரைதான். அதையும் மடக்கிப் பின்னால் சுருட்டிவிட்டால் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கூரையில்லாத வண்டியா? பாக்குதவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, இது சாயங்காலம் ஓட்டுத வண்டி" என்றார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் நானே தலையைச் சீவிக்கொண்டு தயாராக நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டயபுரம் ரோட்டிலோ விளாத்திகுளம் ரோட்டிலோ கொஞ்ச தூரம் போய், ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். கல்யாணமான புதிதில் இப்படிப் போனதில்லை. அப்போது கடையும் மூட்டையும்தான் எங்களுக்கு உலகம்.

அவர் வண்டி ஓட்டுவதை மட்டும் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். சட்டையைக் கழற்றிப் போட்ட இடம், சாப்பிட்ட தட்டு, வாயில் போட்ட பாக்கு, ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எனக்குப் பயமே கிடையாது. லோடு வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் பிச்சிப்பூவைக் கொட்டி வைத்துக் கட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போயிருக்கிறேன். ஒரு கண்ணி பிசகாது. அப்படி ஓட்டுவார்.

தை கழிந்த பிறகுதான் அது தொடங்கியது. ஒருநாள் போய்க்கொண்டிருக்கும்போதே, "வண்டி ஆடுது" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஸ்டியரிங் நடுங்குதுட்டி. கையில தெரியுது" என்றார்.

பசுவந்தனை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். எங்கள் லோடு வேனைப் பார்க்கிறவர் அவர்தான். டிராக்டரும் மினி லாரியும் பார்த்துப் பழகியவர். இந்தச் சிவப்பு வண்டி வந்ததிலிருந்து அவருக்கும் அதன்மேல் ஒரு பைத்தியம். சக்கரத்தைக் கழற்றி எடை சரிபார்த்தார், கோணம் பார்த்தார், முன் டயர் இரண்டையும் மாற்றினார். பிறகு தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது கண்ணாடியெல்லாம் லேசா அதிருது அண்ணாச்சி. மத்தபடி எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"அதிருதுல்லா? அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் இவர், விடாமல்.

எனக்கு அப்போதே வேறு சந்தேகம் வந்துவிட்டது. காரணம் இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற மாதிரி. அவருக்கு அது தெரியவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

அந்தக் காம்பு கிள்ளலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இவருடைய அண்ணனுக்கு இருந்தது. இதே கடையில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, கையில் இல்லாத வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார். வேலைக்கு வரும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். பிறகு கை முழுக்க ஆடியது. பிறகு நடை குறுகியது, பேச்சு வாய்க்குள்ளேயே அடங்கியது, கடைசியில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். நடுக்குவாதம் என்றார்கள். நான் கரண்டியால் கஞ்சி ஊட்டினால் பாதி வாய்க்குள் போகும், பாதி தலையணைக்குப் போகும். இவர்தான் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைப்பார், முகம் மழித்துவிடுவார், வேட்டி மாற்றிவிடுவார். முகத்தில் சிரிப்பு, அழுகை ஒன்றும் வராமல் மனுஷர் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்து போய்ச்சேர்ந்தார். காரியம் முடிந்த அன்றைக்கு இவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எனக்கு இந்தச் சாவு வேண்டாம்ட்டி."

அதனால்தான் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுந்தார். நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. காலையில் காப்பியோடு தொடங்கினால் மத்தியானச் சோறு வரைக்கும் அதே பல்லவிதான். திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் இருக்கிறார், போய்க் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நச்சரித்தேன்.

"வண்டி ஆடுதுன்னு சொன்னா, டாக்டர்ட்ட போங்கிற. வண்டிக்கு டாக்டர் என்ன மருந்து குடுப்பான்?" என்பார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். எதையும் வாய்க்குள் வைத்துப் பழக்கமில்லாத நான் அந்த ஒன்றை மட்டும் விழுங்கினேன்.

அப்புறம் ஒருநாள் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டார். மூடியோடு பெட்டியின் இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிக் காட்டினார். பெட்டி அசையவில்லை. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினார். துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டது.

"பாத்தியா? கூரை இல்லாத வண்டி இப்படித்தான் நெளியும். நெளிஞ்சா ஸ்டியரிங் நடுங்கத்தான் செய்யும். அடியில ரெண்டு பக்கத்துச் சட்டத்தையும் சேத்து ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்க போட்டுப் பூட்டிட்டா நின்னு போவும். அதுக்குன்னே விக்குதான். வண்டிக்காரங்க எல்லாம் போடுதாங்க."

பெட்டியை நான் வாங்கி முறுக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் வீடு கட்டும்போது நாலு சுவரையும் சுற்றி கான்கிரீட் பெல்ட் போடாவிட்டால், மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிற கரிசல் சுவரைப் பிளந்துவிடும். வண்டிக்கும் அப்படி ஒரு பெல்ட் என்றால் நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று எனக்கே ஆசை இருந்தது. வண்டிதான் ஆடுகிறது என்று யாராவது சத்தியம் செய்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"சரி, கம்பியைப் போடுங்க. போட்ட பிறகும் ஆடிச்சுன்னா?" என்றேன்.

அவர் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி மூடியைப் போட்டார். "ஆடிச்சுன்னா நீ சொல்லுத டாக்டர்ட்ட வாரேன்" என்றார்.

கம்பி பார்சலில் வந்தது. நீல நிறம். ஒரு ஆள் கையை அகலமாக நீட்டினால் எவ்வளவோ அவ்வளவு நீளம், இரண்டு முனையிலும் தகடு, தகட்டுக்கு இரண்டு ஓட்டை. இந்தத் துண்டுக் கம்பிக்கா இவ்வளவு விலை என்று கேட்டேன். யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று சொல்லிக்கொண்டே அவர் அதைத் துணியால் துடைத்து மெத்தையில் கிடத்தினார்.

மறுநாள் பட்டறையில் பூட்டினார்கள். நானும் போயிருந்தேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, மெக்கானிக் அடியில் படுத்துக்கொண்டு கம்பியை வைத்துப் பார்த்தார். இடது பக்கத்து ஓட்டை இரண்டும் பொருந்தின. வலது பக்கம் விரற்கடை அளவு தள்ளி நின்றது. கம்பி கோணலா, வண்டி கோணலா என்று கொஞ்சநேரம் விவாதம் நடந்தது. பிறகு டிராக்டருக்குச் செய்கிற மாதிரியே செய்தார். கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, ஓட்டையை ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து போல்ட்டைச் சொருகி முறுக்கிவிட்டார். "இனி அசையாது அண்ணாச்சி" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தெப்பக்குளம் தாண்டுவதற்குள் வண்டி இடது பக்கமாக இழுத்தது. ஸ்டியரிங் முன்பைவிட மோசமாக நடுங்கியது. எனக்கே தெரிந்தது. கதவு கிறீச்சிட்டது, கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது.

அன்றைக்கு அவர் பட்ட சந்தோஷத்தை நான் என்ன சொல்ல? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "இப்ப என்ன சொல்லுத? இதுவும் என் கையா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வாங்கிப் போட்ட சாமான் வண்டியைக் கெடுத்துவிட்டது என்று புருஷனும் பெண்டாட்டியும் நடுரோட்டில் சந்தோஷப்பட்டது எங்களைத் தவிர வேறு யாராகவும் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் பணியாரம் கேட்டார், சுட்டுக் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டையே இல்லை. கம்பியை மாற்றிச் சரியாகப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவள் நான்தான். என் வாய்க்கு அன்றைக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தால் அந்தச் சந்தோஷம் இன்னும் கொஞ்சநாள் ஓடியிருக்கும். பட்டறைக்கு மறுபடி போயிருந்தபோது மெக்கானிக் வண்டியைக் கழுவிவிட்டார். தண்ணீர் தரையில் பரவாமல், பட்டறையின் ஒரு மூலைக்கே சரசரவென்று ஓடி நின்றது. நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரை நடுவில் பிளந்து, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது.

"தம்பி, இந்தத் தரை மட்டமா இருக்குன்னு நினைச்சா பூட்டுனீங்க?" என்றேன். "எங்க வீட்டுக் கதவு ஐப்பசியில மூடாது, சித்திரையில தாப்பாளே எட்டாது. கரிசல்ல போட்ட தரைய நம்பலாமா? அந்தரத்துல தூக்கி, கோணத்தரையில ஜாக்கி வச்சு, கடப்பாரையப் போட்டு நெம்பியிருக்கீங்க. கோணலாவே இறுக்கிப்புட்டீங்களே!"

மெக்கானிக் குனிந்து தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆமா மதினி. நாலு சக்கரமும் மட்டத்தரையில நிக்கணும். ஆள் உக்காந்து, கனம் இறங்குன பிறகுதான் முறுக்கணும். நெளிஞ்ச நெளிவோட பூட்டிட்டேன்" என்றார். லாரிக்கும் டிராக்டருக்கும் இதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, விரற்கடைக் கோணல் அதுகளுக்குத் தூசு.

சரி, மட்டத்தரைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் கோலிக்குண்டை வைத்தால் தெருவுக்கு ஓடிவிடும். கல்யாண மண்டபத்துத் தரையில் டைல்ஸ் எழும்பிக் கிடக்கிறது. பெட்ரோல் பங்கில் நிறுத்திக்கொண்டு படுக்க முடியாது. மூன்று பேரும் ஊரையே மனதில் ஒரு சுற்றுச் சுற்றினோம். கரிசல் காட்டில் மட்டமான இடம் என்று ஒன்று உண்டா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன்.

"எடைமேடை!" என்றார் என் வீட்டுக்காரர்.

விளாத்திகுளம் ரோட்டில் லாரியை மூட்டையோடு ஏற்றி எடை போடுகிற மேடை இருக்கிறது. எங்கள் சரக்கெல்லாம் அங்கேதான் எடை பார்ப்போம். கரிசலை ஆழத் தோண்டி எடுத்துவிட்டு, கெட்டித் தரையிலிருந்து கான்கிரீட் எழுப்பிக் கட்டியது. மட்டம் தவறினால் எடை தவறும் என்பதால் அதை மட்டும் வருஷம் தவறாமல் சரிபார்ப்பார்கள். மேடைக்காரர் எங்களுக்கு வேண்டியவர். மத்தியானம் லாரி வராத நேரமாகப் பார்த்து வரச்சொன்னார்.

பங்குனி வெயில். இரும்பு மேடை தோசைக்கல்லாகக் காய்ந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக ஒரே கனத்தில் நாலு கட்டைகளைப் போட்டு, அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். மெக்கானிக் சாக்கை விரித்து அடியில் நுழைந்தார். போல்ட்டை எல்லாம் தளர்த்தியதும் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. இறுக்கிப் பிடித்திருந்த வண்டி தன் நிலைக்கு வந்த சத்தம் அது.

"அண்ணாச்சி, ஏறி உக்காருங்க. மதினி, நீங்களும் உக்காரணும். ரெண்டு பேர் கனமும் இருக்கட்டும்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

துணிக்கூரையை மடக்கிவைத்திருந்தார்கள். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கும் போகாத வண்டியில், நட்டநடு வெயிலில், எடைமேடையின்மேல் இரண்டு பேரும் கல்யாண ஊர்வலம் மாதிரி உட்கார்ந்திருந்தோம். பின்னால் ஒரு வத்தல் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. எடை போட ஒரு மூட்டையைக்கூடக் காணோமே என்று டிரைவர் கத்தினார். எடைமேடைக்காரர் அவரைச் சமாதானப்படுத்தப் போனார்.

"உள்ள ஓட்டைக்கு ஓட்டை தானா பொருந்துது அண்ணாச்சி! கடப்பாரையே வேண்டாம்" என்றார் மெக்கானிக். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் பக்கத்தில் திரும்பினேன். என் வீட்டுக்காரர் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார். அப்படியும் தோள்பட்டை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, என்ஜின் அணைந்து கிடக்கிறது, தரை இந்த வட்டாரத்திலேயே மட்டமான தரை. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? முந்தானையை இழுத்து அவர் தலையிலும் கொஞ்சம் போட்டேன். வெயிலுக்குத்தான் போடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

பூட்டி முடித்ததும் நாலுவழிச் சாலைக்கு ஏறினோம். மெக்கானிக் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். வண்டி அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். இழுப்பு இல்லை, கிறீச்சிடல் இல்லை, கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் ஒரே பஸ்ஸாகத் தெரிந்தது. ஸ்டியரிங் சிலையாக நின்றது. "எப்படி?" என்று கேட்டார். முகமெல்லாம் பல். எடைமேடையில் பார்த்ததை நான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். கடவுளே, தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரோடு நேராகக் கிடந்தது. திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேலை இல்லை. அவர் கை ஸ்டியரிங்கின்மேல் சும்மா அமர்ந்தது. அப்படி அமர்ந்து கொஞ்சநேரம் ஆனதும் கட்டைவிரல் தொடங்கியது. பிறகு மணிக்கட்டு. பிறகு ஸ்டியரிங். அவர் இறுக்கிப் பிடித்தார், நின்றது. பிடியைத் தளர்த்தினார், மறுபடி தொடங்கியது. இறுக்கினார், தளர்த்தினார். நான் ரோட்டைப் பார்க்கிற மாதிரியே இருந்தேன்.

ஒரு வேப்பமரத்து நிழலில் ஓரங்கட்டினார். இறங்கி, வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "நீ ஓட்டு" என்றார்.

எனக்கு ஓட்டத் தெரியும், அவர்தான் பழக்கிவிட்டார். ஆனால் இந்த வண்டியை அதுவரை தொடவிட்டதில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். போகப் போக அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் வேண்டுமென்றே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஆட்டலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் வண்டி அவ்வளவு சுத்தமாக ஓடியது, நான் ஆட்டினால் ஆட்டுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆட்டவில்லை. என் கையில் அது அசையாமல் நின்றது.

"நல்லா பூட்டியிருக்கான்" என்றார்.

சொன்ன வாக்குப்படி திருநெல்வேலிக்கு வந்தார். டாக்டர் விரலை மடக்கி விரிக்கச் சொன்னார், வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இவருடைய அண்ணனுக்கு இருந்தது என்று நான்தான் சொன்னேன். நடுக்குவாதம்தான் என்றார் டாக்டர். மாத்திரையால் தள்ளிப்போடலாம், குணப்படுத்த முடியாது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட வேண்டும். நல்ல மாதிரிதான் சொன்னார். எப்படிச் சொன்னால் என்ன? அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்த மனுஷருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். கயத்தாறு வந்தபோது, "டீ குடிப்பமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். டம்ளரை நாலு பேர் முன்னால் பிடிக்க வேண்டுமே என்று யோசித்திருப்பார்.

வைகாசியில் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லிப் போன் போட்டார். என்னிடம் சொல்லவில்லை. மெக்கானிக் பையோடு வந்து நின்றார்.

"தம்பி, அந்தக் கம்பியைக் கழட்டிருங்க" என்றார் இவர்.

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "எதுக்கு அண்ணாச்சி? வண்டி இப்பத்தான் கல்லு மாதிரி நிக்கிது. கழட்டுனா பழையபடி அதிருமே" என்றார். இவர் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓவென்று அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனால் அழுதால் அவர் கேட்டது கிடைக்காமல் போய்விடும்.

"அவிய சொல்லுத மாதிரி செய்யுங்க தம்பி" என்றேன்.

மெக்கானிக் போர்ட்டிகோவிலேயே படுத்துக் கழற்றினார். கம்பியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். நீங்களே கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சாவிக்குக் கையை நீட்டினார். டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தெருவைப் பார்த்தேன், ஆள் நடமாட்டம் இல்லை. கொடுத்தேன். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கின்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் பதித்த கல்லெல்லாம் கரிசல் எழுப்பியும் இறக்கியும் அலை அலையாகக் கிடக்கிறது. அதில் நடக்கிற வேகத்துக்கும் குறைவாகத் தெருமுனை வரைக்கும் ஓட்டினார். கண்ணாடி அதிர்ந்தது, கதவு அதிர்ந்தது, ஸ்டியரிங் அவர் கையோடு சேர்ந்து ஆடியது. எது எதை ஆட்டுகிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முனையில் நிறுத்திவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாத்தியாட்டி? வண்டிதான் ஆடுது" என்றார்.

"ஆமாங்க. வண்டிதான்" என்றேன்.